இடது முன்வீலுக்கு இருபத்தஞ்சு கிராம் அதிகம்

ஷெல்ஃப்ல அந்த எடம் காலியா இருந்துச்சு. காலைல ஆறரை மணி, பல்லு கூட வெளக்கல நான், கண்ணக் கசக்கிட்டு பாக்கறேன், சுத்தி தூசி, நாலு வீலு நின்ன எடம் மட்டும் சுத்தமா நாலு பொட்டு. அண்ணன் கௌசிக் கட்டிலும் காலி. அப்பவே புரிஞ்சுருச்சு, ஆனா புரியாத மாதிரியே குளிச்சேன், புரியாத மாதிரியே இட்லி தின்னேன், பஸ் ஏறி கிளினிக் வந்து கம்ப்யூட்டர ஆன் பண்ணி, "வணக்கம், டென்டல் கிளினிக்குங்க, ஞாயித்துக்கெழம ஒரு மணி வரைக்குந்தாங்க"ன்னு மூணு ஃபோனுக்கு சொன்னதுக்கு அப்பறந்தான் கோவமே வந்துச்சு, அதுவும் வெளிய வராம கடவாப்பல்லுல போயி உக்காந்துக்குச்சு, கடிச்சுக் கடிச்சு இப்ப தாடை வலிக்குது. என் அண்ணன் என் லாரிய தூக்கிட்டுப் போயிட்டான். என் லாரின்னா எங்க லாரி. எங்க லாரின்னா, சரி, ரெண்டு பேரும் சேந்துதான் வாங்குனோம், ஆனா அத நிக்க வெச்சது யாரு? ரிமோட்ல ஓடற லாரி, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட நீளம், வேகமெல்லாம் போகாது, நாம நடக்கற வேகங்கூட கெடையாது, ஆனா பாறை ஏறும், செங்குத்தா நிக்கற பாறைல உடும்பு மாதிரி ஏறும், அத பொம்மைன்னு யாராச்சும் சொன்னா அவங்ககூட ரெண்டு நாளைக்குப் பேச மாட்டேன். மதுக்கரைப் பக்கம் பழைய கல்லுக்குழில இன்னிக்கு போட்டி. பாறை மேல பத்து எடத்துல ரெண்டு ரெண்டு குச்சி நட்டு வெச்சிருப்பாங்க, அதுக்குப் பேரு கேட்டு, குச்சியத் தொடாம, உருளாம, பத்து கேட்டும் தாண்டணும். ஒரு லாரிக்கு ஒரே ஒரு டிரைவர் பேருதான் குடுக்க முடியும். காலைல ஒரு பேட்ச், மூணு மணிக்கு ஒரு பேட்ச். மொத மூணு எடத்துல வர்றவங்க அடுத்த மாசம் மூணாறு போலாம், பெரிய போட்டி, யார் பேரு இருக்கோ அவங்க மட்டும். மோனிஷா, அதாவது நான், மூணு மணி பேட்ச். அப்பிடித்தான் பேச்சு. ஒரு மணிக்கு இங்க முடிஞ்சா ரெண்டு பஸ்ஸு மாறி ரெண்டே காலுக்குப் போயிரலாம், ஷூகூட பையில வெச்சு எடுத்துட்டு வந்திருக்கேன், லாரியே இல்லேன்னு தெரிஞ்சும் ஷூவ எடுத்து வெச்சேன் பாருங்க, அந்த லூசுத்தனத்த என்ன சொல்றது. ஒம்பது மணிக்கு மெசேஜ் அனுப்பறான், "உனக்கு டூட்டி இருக்குல்ல, அதான் காலை பேட்ச்லயே என் பேர் போட்டுட்டேன், கோச்சுக்காத." கூடவே ஒரு மஞ்ச மூஞ்சி, கண்ணுல தண்ணி வர்ற மாதிரி சிரிக்கறது. யாரு சிரிக்கறா, யாரப் பாத்து சிரிக்கறா.

"அம்மணி, நம்ம நேரம் வந்துருச்சுங்களா?" ராக்கியப்பன். லோடு ஆட்டோ வெச்சிருக்கறவரு, கீழ்வரிசைப் பல்லுல புதுசா கேப்பு போட்டிருக்காரு, ஒரே மாசத்துல இது மூணாவது தடவ. "உள்ள ஒருத்தர் இருக்காங்க, பத்து நிமிஷங்க." "பத்து நிமிஷமுங்களா, போன தடவையும் பத்து நிமிஷம்னீங்க, நான் ஒரு தூக்கம் தூங்கி எந்திரிச்சுட்டனே." "என்ன பண்ணுதுங்க இப்ப?" "இந்தப் பக்கம் மொதல்ல இடிக்குது, அந்தப் பக்கம் அப்பறந்தான் இடிக்குது. வாயே கோணிக்கிட்ட மாதிரி இருக்குது. எங்கூட்டுல கேக்கறாங்க, ஏனுங், மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்கன்னு." சிரிச்சேன். சிரிக்கற நேரத்துலயும் என் கை டேபிளுக்கு அடியில ஃபோனத் தடவிட்டே இருக்கு. ஒரு மயிரிழை, அவ்ளோதான் அந்தக் கேப்பு ஒசந்திருக்கும், டாக்டர் இந்துமதி மேடம் நீலக் காகிதம் வெச்சுக் கடிக்கச் சொல்லுவாங்க, எந்த எடத்துல நீலம் ஒட்டுதோ அந்த எடத்த மட்டும் லேசா தேய்ப்பாங்க, மறுபடி காகிதம், மறுபடி கடி, மறுபடி தேய். ஒரேயடியா தேச்சுட்டா திருப்பி வெக்க முடியாது. நானும் அப்பிடித்தான் பண்ணுனேன், ஆறு வாரம். அம்மா கேக்குக்கு மாவு நிறுக்கற தராசு ஒண்ணுதான் வீட்டுல இருக்கு, நாலு வீலுக்கு நாலு தராசு வேணும், எங்க போறது? ஒரு வீலத் தராசு மேல வெச்சு, மத்த மூணு வீலுக்கும் அடியில அதே உயரத்துக்குப் பழைய நோட்டு அடுக்கி, எழுதி, அப்பறம் லாரியத் திருப்பி அடுத்த வீலு. அம்மா வந்து பாத்து, "கேக்குல கல்லு கடிக்குதுன்னு வீட்டுக்கு வர்ற ஒறம்பரை கேட்டா நான் என்னடி சொல்லுவேன்"ன்னாங்க. சொல்லுங்க, உங்க பொண்ணு தராசுல லாரிய எடை போட்டாள்னு சொல்லுங்க. சொல்ல மாட்டாங்க. ஒறம்பரை வந்தா "கௌசிக் பண்ணுனதுங்க, ரெண்டு பேரும் அதுலயே கெடப்பாங்க"ம்பாங்க. மொதல்ல கௌசிக் பண்ணுனது, அப்பறம் ரெண்டு பேரு. நான் ஒரு தடவகூட இல்லேன்னு சொன்னதில்ல, அதுதான் எனக்கே ஆத்திரமா இருக்கு. அவன் போடற ரீல்ஸ்ல என் கை மட்டும் வரும், ஸ்க்ரூ முடுக்கற கை, கீழ நூறு பேரு "ப்ரோ சூப்பர்"னு போட்டிருப்பாங்க. நகத்துல பாலிஷ் இருக்கு, அப்பவும் ப்ரோ.

லாரி வாங்குன புதுசுல சாதாரண மேட்டுலயே உருளும். ஏன்னா கௌசிக் அது மேல ஒரு குடும்பத்தையே ஏத்தி வெச்சிருந்தான், கூரை மேல கேரியர், கேரியர்ல குட்டி ஸ்டெப்னி, குட்டி பெட்ரோல் கேன், வரிசையா லைட்டு, மண்ணு வெட்டற குட்டி மம்முட்டிகூட ஒண்ணு இருந்துச்சு. பாக்க அட்டகாசமா இருக்கும், ரெண்டடி ஏறி மல்லாக்க விழுகும். கேரியரக் கழட்டுடான்னா "லுக்கே போயிரும் புள்ள"ங்கறான். அவன் டவுனுக்குப் போன நேரமாப் பாத்து கழட்டி, பேட்டரிய முன்னாடி தள்ளி, அச்சுக்குப் பக்கத்துல எவ்வளவு கீழ எறக்க முடியுமோ எறக்கி, அப்பறம் வீலுக்குள்ள ஈயம் ஒட்டுனேன். பாரம் கீழ இருக்கணும், முன்னாடி இருக்கணும், மேல இருக்கவே கூடாது, மேட்டுல ஏறறப்ப மூக்கு தூக்காம இருக்கணும்ல. ஈயம் எங்க கெடைக்கும்னு ஒரு வாரம் மண்டையக் கொடஞ்சு, திருச்சி ரோட்டுல வீல் பேலன்ஸிங் பண்ற கடைல போயி நின்னேன், காரு ரிம்முல ஒட்டுவாங்கல்ல, பட்டையா, அஞ்சு கிராம் அஞ்சு கிராமா பிச்சுக்கலாம். கடைக்காரரு, "எந்த வண்டிக்கும்மா?" "லாரிக்குங்க." "லாரிக்கு இது பத்தாதும்மா." "என் லாரிக்குப் பத்துங்க." அன்னிக்கு எனக்கு இருந்த சந்தோசம்! பஸ்ஸுல தானா சிரிச்சுட்டு வந்தேன். ரெண்டு முன்வீலுக்கும் சமமா ஒட்டுனேன், பின்வீலுக்குக் கொஞ்சூண்டு. நல்லா ஏறுச்சு, ஆனா செங்குத்துப் பாறைல மட்டும், ஆக்சிலேட்டரக் குடுத்த ஒடனே, இடது முன்வீலு லேசா தூக்குது. லேசாத்தான், ஒரு நாயி காலத் தூக்கற மாதிரி, அப்பறம் அப்பிடியே வலது பக்கமா சாஞ்சு உருண்டுரும். எல்லாம் சமமாத்தான இருக்கு, ஏன்? தராசுல போட்டா சமம். மறுபடி போட்டா மறுபடி சமம். பதினோரு நாளு தூக்கமில்ல எனக்கு. அப்பறம் ஒரு நாளு வண்டியக் கைல புடிச்சுட்டு சும்மா ரிமோட்ல ஆக்சிலேட்டரத் தள்ளுனேன், அந்தரத்துல, கைக்குள்ளயே வண்டி வெடுக்குன்னு ஒரு பக்கமாத் திமிருது. மோட்டாரு சுத்தற விசைல பாடியே முறுக்கிக்குது! நிக்கறப்ப சமமா இருந்தா ஏறறப்ப சமமா இருக்காது. தராசு மேல தப்பா இருந்தாத்தான் பாறை மேல சரியா இருக்கும். இதக் கண்டுபுடிச்சு கத்திட்டே ஓடுனா கௌசிக் என்ன சொன்னான் தெரியுமா, "இருக்கும் இருக்கும்"னான், ஃபோனப் பாத்துட்டே. இடது முன்வீலுக்கு இருபத்தியொரு துண்டு, நூத்தியஞ்சு கிராம். வலது முன்வீலுக்குப் பதினாறு, எம்பது கிராம். பின்னாடி நாலு நாலு. ஒரு துண்டு கூடுனாலும் கொறஞ்சாலும் தெரியும் எனக்கு.

ஃபோன் அதிருது. கௌசிக். மேடம் ரூல், டெஸ்க்ல சொந்த ஃபோன் எடுக்கக் கூடாது, கட் பண்ணுனேன். மறுபடி அடிக்கறான், கட். வாய்ஸ் மெசேஜ் வருது, குனிஞ்சு ஃபைலு எடுக்கற மாதிரி காதுல வெச்சுக் கேட்டேன், பின்னாடி ஒரே காத்து, மைக்குல யாரோ நம்பர் கூப்புடறாங்க, "ஏ மோனி, அவசரம், கேளு. வீலெல்லாம் சேறாயிருச்சு, போட்டோ எடுக்கறாங்கன்னு பெட்ரோல்ல ஒரு தொட தொடச்சேன், உள்ள ஒட்டிருந்த ஈயமெல்லாம் பசை எளகி கைலயே வந்துருச்சு. நாப்பத்தஞ்சு துண்டு இருக்கு. எந்த வீலுக்கு எத்தனன்னு அனுப்பு சீக்கிரம், பன்னெண்டேகாலுக்கு நம்ம ரன்னு." நம்ம ரன்னாம். போட்டோவுக்கு பளபளன்னு இருக்கணும்னு பெட்ரோல ஊத்தித் தொடச்சிருக்கான், ஆறு வாரத்த ஒரு துணில தொடச்சுட்டான், இப்ப நம்ம. அவனுக்குத் தெரியாது. ஒரு துண்டுகூட எங்க இருந்துச்சுன்னு தெரியாது, இத்தன நாளு அதத்தான் ஓட்டியிருக்கான், அதத்தான் ரீல்ஸு போட்டிருக்கான். எனக்குள்ள ஒண்ணு குதிச்சுச்சு, நெஜமாச் சொல்றேன், குதிச்சுச்சு, இப்ப என்ன பண்ணுவ நீ, இப்ப என்ன பண்ணுவ. மணி பதினொண்ணு அம்பது. நான் சும்மா இருந்தாலே போதும். இல்ல, சும்மா இருந்தா சமமா ஒட்டிருவான், சமமா ஒட்டுனா நல்ல டிரைவரு சமாளிச்சுரலாம், அவன் நல்லா ஓட்டுவான், அது ஒண்ணுதான் அவனுக்கு வரும், அத நான் ஒத்துக்கறேன். சமாளிச்சு மூணாவது எடம் வந்துட்டான்னா மூணாறு போயிருவான், குளிருதுன்னு ஸ்வெட்டர் போட்டு போட்டோ அனுப்புவான், மஞ்ச மூஞ்சியோட. திருப்பிச் சொல்லிட்டா? இடதுக்குப் பதினாறு, வலதுக்கு இருபத்தியொண்ணு. அவ்ளோதான். ஏழாவது கேட்டு நெட்டுக்குத்துப் பாறைன்னு சொல்லிக்கறாங்க, அங்க இடது முன்வீலு தூக்கும், எல்லாரும் பாக்க, உருளும். யாருக்குந் தெரியாது. மறந்துட்டேன்டா, இடது வலது கொழம்பிருச்சுடான்னு சொல்லிக்கலாம்.

டைப் பண்ண ஆரம்பிச்சேன். "முன் இடது 16". "அம்மணி, தண்ணி எங்கிருக்குதுங்க?" காமிச்சேன். "முன் வலது 21". அந்த நம்பரப் பாக்கறேன், என் விரல் அனுப்பற அம்புக்குறி மேல நிக்குது. "மோனிஷா, நீலப் பேப்பர் தீந்துருச்சு, புதுசு எடுத்துட்டு வா"ன்னு உள்ள இருந்து மேடம். ஃபோனக் கவுத்து வெச்சுட்டு ஓடுனேன், அலமாரில தேடறேன், கை பாட்டுக்குத் தேடுது, மண்ட பாட்டுக்கு அந்தப் பாறைய ஏறிட்டிருக்கு, லாரி தூக்கறது தெரியுது, வயிறு தெரியற மாதிரி மல்லாந்து நாலு வீலும் சுத்துது. யாரு வீலு? யாரு செட்டிங்கு? அங்க நிக்கறவனுங்க என்ன பேசுவானுங்க, "வெயிட்டு தப்பா வெச்சிருக்கான்டா"ன்னு பேசுவானுங்க. வெயிட்டு வெச்சது நான். என் பேரு அங்க எங்கயுமே இல்ல, தப்புல மட்டும் நான் இருப்பேனா? பேப்பரக் குடுத்தேன், மேடம், "ஏன் மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு, சாப்பிட்டியா?"ன்னாங்க, சாப்பிட்டேன் மேடம். வந்து ஃபோனத் திருப்புனேன், அழிச்சேன். ஒரு நிமிஷம் ஒண்ணுமே எழுதல. "நீ பண்ணுனது சரியில்ல கௌசிக்"னு எழுதுனேன், அழிச்சேன், அழுவற மாதிரி இருந்துச்சு அது. மறுபடி அந்த பதினாறயே எழுதுனேன், ஆமா, ரெண்டாந்தடவையும் எழுதுனேன். நல்லவளெல்லாம் இல்ல நான். ஆனா அந்த நம்பரு பொய்யா கண்ணு முன்னாடி நிக்கறத என்னால பாக்க முடியல, சொந்தப் பேரத் தப்பா எழுதுன மாதிரி இருந்துச்சு. அழிச்சுட்டு எழுதுனேன், "முன் இடது 21. முன் வலது 16. பின்னாடி 4, 4. சமமா ஒட்டாத, இடது அதிகமாத்தான் இருக்கணும். பெட்ரோல் காஞ்சப்பறம் ஒட்டு." அனுப்பிச்சுட்டேன். ரெண்டு டிக்கு நீலமாச்சு. பதில் இல்ல. ஒரு தேங்ஸு இல்ல. ராக்கியப்பன உள்ள அனுப்பிச்சேன்.

பன்னெண்டு பத்து. எனக்கே சிரிப்பா இருக்கு, அவன் ஜெயிக்கணும்னு வேண்டிக்கறேன். அவன் இல்ல, லாரி. லாரி ஏறணும், அவன் தோக்கணும், ரெண்டும் ஒரே நேரத்துல எப்பிடி நடக்கும்? ஒரு அம்மா அடுத்த வாரத்துக்கு டைம் கேக்கறாங்க, செவ்வாயாங்க புதனாங்கன்னு கேட்டுட்டே மனசுக்குள்ள மூணாவது கேட்டு, நாலாவது கேட்டு. மெதுவா குடுடா, கட்ட விரல லேசா வெய்யி, ஏழாவதுல அவசரப்படாத, நின்னு, மூச்சு விட்டு, அப்பறம் குடு. இருபத்தியொண்ணு புடிச்சுக்கும். தூக்காது. புதன் பத்தரைக்குங்க, சரிங்க, பேரு சொல்லுங்க. ஏறிருக்கும். ஏறிருச்சுன்னா மூணாறுக்கு யாரு போவா, அவன்தான், ஆனா அங்க போயும் எந்த வீலுக்கு எத்தனன்னு என்னத்தான கேக்கணும்? கேக்கட்டும். அப்பவும் சொல்லுவேன் போல இருக்கு, எனக்கு என்னையவே புடிக்கல.

பன்னெண்டு முப்பத்தஞ்சுக்கு அடிச்சான். மேடம் உள்ள இருந்தாங்க, எடுத்துட்டேன்.

"உருண்டுருச்சு."

"எந்த கேட்டு?"

"ஏழு. இடது முன்வீலு தூக்குச்சு, நான் என்ன பண்ணியும் நிக்கல. வலது பக்கமா உருண்டு கீழ வரைக்கும் போயிருச்சு. பதினோராவது எடம்."

தூக்காதே. இருபத்தியொண்ணு இருந்தா தூக்கவே தூக்காதே. "இடதுல எத்தனடா ஒட்டுன?"

"பதினாறு."

"நான் இருபத்தியொண்ணுன்னு அனுப்பிச்சேன்."

"தெரியும். நீ கோவத்துல இருந்த. கண்டிப்பா நீ மாத்தித்தான் அனுப்புவன்னு நெனச்சேன். அதான் நான் திருப்பி ஒட்டுனேன். மாத்தித்தான அனுப்பிச்ச?"

"இல்லடா."

"மோனி."

"சரியாத்தான்டா அனுப்பிச்சேன்."

"பொய் சொல்லாத புள்ள. நான் பாத்துட்டேதான இருந்தேன். டைப்பிங்னு காட்டுது, நிக்குது, மறுபடி டைப்பிங், மறுபடி நிக்குது. ஏழெட்டு நிமிஷம். நாலு நம்பரு, நாலே நாலு நம்பரு, உனக்கு தூக்கத்துல கேட்டாலும் தெரியும். சரியானத அனுப்பறதுக்கு எதுக்கு உனக்கு அவ்ளோ நேரம்?"

இருபத்திரெண்டு வருசமா ஒரே வீட்டுல இருக்கோம். லாரியில எந்தத் துண்டு எங்க இருந்துச்சுன்னு அவனுக்குத் தெரியல, எனக்குள்ள என்ன எங்க இருக்குன்னு கரெக்டா தெரிஞ்சிருக்கு. கடைசியா அழிச்சது மட்டுந்தான் அவன் கணக்குல வரல. அத எப்பிடிக் காமிப்பேன், அழிச்சத யாருக்குக் காமிக்க முடியும், ஃபோன்ல ஒரு எழுத்துகூட இல்ல. அவன் அங்க வெயில்ல நின்னு காத்துட்டிருக்கான், நான் ஏதாச்சும் சொல்லுவேன்னு, நம்பற மாதிரி ஏதாச்சும் ஒண்ணு.

"பேஷண்ட் வந்துட்டாங்கடா"ன்னேன். "நடுவுல, மேடம் வேற கூப்புட்டாங்க."

நெஜந்தான், வந்தாங்க, கூப்புட்டாங்க. என் காதுக்கே அது பச்சைப் பொய்யாக் கேட்டுச்சு.

"ம்"ன்னான் கௌசிக். வெச்சுட்டான்.